சீட்

எங்கள் வீட்டில் சிலை கிடையாது.
அஸ்தம்பட்டியில் நாலு பேரிடம் இதைப்
பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.
சுவரில் ஒரு வசனக் காலண்டர்,
அதன்மேல் ஒட்டியபடி
பெர்சிஸின் மாதிரித் தேர்வு மதிப்பெண்கள்,
சிவப்பு மையில், வாரத்துக்கு ஒன்று.

காலையில் கண் முதலில் எங்கே போகும் என்று
யாரும் கேட்டதில்லை.

இரண்டு வருடம்.
இரும்பாலையில் நைட் ஷிப்ட் முடித்து வந்தும்
முழங்காலிட்டேன்.
உபவாச வெள்ளிகளில் கேன்டீன் டீயைத் தொடவில்லை.
ஆலயத்துக்கு ஒரு ஜெனரேட்டர் பொருத்தனை,
சீட் கிடைத்தால்.
அந்தக் 'கிடைத்தால்' மட்டும்
ஜெபத்தில் கொஞ்சம் தாழ்ந்த குரலில் வரும்,
சட்டைப்பையில் கைவைத்தபடி
விலை கேட்கிறவனைப் போல.

பதினொரு மதிப்பெண்ணில் போயிற்று.

மூன்று ஞாயிறு ஆலயத்துக்குப் போகவில்லை.
கமிட்டியில் காய்ச்சல் என்றேன்.
ஜெனரேட்டர் பணத்தை எண்ணி
மறுபடி பீரோவில் வைக்கும்போதுதான் உறைத்தது:
இது தேவன்மேல் வருகிற கோபமே இல்லை.
கமிஷன் பேசி
வேலையை முடிக்காத புரோக்கர்மேல் வருவது.

நாலாம் ஞாயிறு மத்தியானம்
அவளே ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
பின்னாலிருந்து நான் சொன்னது ஒன்றே:
ஹாரன் அடி.

மேலே பனி.
சேலம் தெரியவேண்டிய இடத்தில்
வெள்ளையாக ஒன்றுமில்லை.
போர்டின் ஈரத்தைத் துடைத்துப் படித்தாள்,
லேடீஸ் சீட்.
"அப்பா, இந்த சீட்டாவது கிடைச்சுதே!"

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு
அப்படிச் சிரித்தாள்.
எட்டாம் வகுப்பில் கேட்ட சிரிப்பு.
நடுவில் அதை எந்தப் பலிபீடத்தில் கிடத்தியிருந்தேன்?
ஈசாக்குக்குப் பதில் ஓர் ஆட்டுக்கடா வந்தது.
இவளுக்காக என் கையை யாரும் பிடிக்கவில்லை.
இல்லை,
பிடித்த பிடிதான் பதினொரு மதிப்பெண்ணோ.
தெரியவில்லை.

தரையெல்லாம் சேறு, முழங்காலிட முடியாது.
நின்றபடி கண்ணை மூடினேன்.
திறந்தாலும் அதே வெள்ளை.
வழக்கமாகக் கேட்கிறதைத் தேடினேன்,
வரவில்லை.
'ஆண்டவரே' என்றதோடு நின்றுவிட்டது ஜெபம்.
அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை.
எவ்வளவு நேரமோ.

மிளகாய் பஜ்ஜிக்குக் காசு கேட்டாள் பெர்சிஸ்.
கொடுத்தேன்.

வீட்டுக்குப் போனதும்
சுவரிலிருந்து அந்தத் தாளைக் கிழிக்கவேண்டும்
என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.
ஏழாம் வளைவில்
அடுத்த வருடத் தேர்வுக்கு எத்தனை மாதம் என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஹாரன் அடி, என்றேன்.