நாலு கிலோ நானூறு

யூரிக்கோ கியர்பாக்ஸை இறக்கிவிட்டான்.
வண்டி வயிறு திறந்து கிடக்கிறது.
தேய்ந்தது கிளட்ச் மட்டும்தான்.
ஆனால் கை அதுவரைக்கும் போயாயிற்று, ஸுல்மிரா,
இன்னொரு தரம் இறக்கினால் இன்னொரு கூலி,
சாயங்காலத்துக்குள் சொல் என்கிறான்.

இரண்டு ஃப்ளைவீல்களையும் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு
அடெலைடின் உப்புமீன் கடைக்குப் போனேன்.
டோரோ ஆற்றின் இந்தக் கரையில்
பொய் சொல்லாத தராசு அது ஒன்றுதான்
(அடெலைடு சொல்லுவாள், அது வேறு).
பழைய வார்ப்பிரும்பு: ஏழு கிலோ எண்ணூறு.
புதிய அலுமினியம்: மூன்று கிலோ நானூறு.
கிலோ என்ன விலை என்றாள்.
சொன்னேன்.
நான் மீன் விற்று என்னத்தைக் கண்டேன் என்றாள்.

நாலு கிலோ நானூறு.
ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டால்
அதை நானே குறைத்துவிட மாட்டேனா?
மாட்டேன். இது சுற்றுகிற எடை.
அதிலும் விளிம்பில் உட்கார்ந்திருக்கிற எடை.
நடுவில் இருப்பது பேசாமல் கூட வரும்;
விளிம்பில் இருப்பதைக்
கெஞ்சித்தான் கிளப்ப வேண்டும்,
கிளம்பிவிட்டால் கெஞ்சித்தான் அடக்க வேண்டும்.

இதைப் போட்டால் ஒரு குதிரைகூட அதிகம் வராது.
இருக்கிற குதிரைகள் சீக்கிரம் விழித்துக்கொள்ளும்,
அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறு மலைப் பந்தயம்.
நாலு கிலோமீட்டர், பத்தொன்பது வளைவு.
போன வருஷம் மூன்று நிமிஷம் பதினொரு நொடி.
பல் மருத்துவர் பெல்மீரோவிடம்
அரை நொடிக்கும் குறைவில் தோற்றேன்.
இரண்டாம் கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போதெல்லாம்
என் இன்ஜின் யோசித்துக்கொண்டிருந்தது.
அவருடையது யோசிக்கவில்லை.
அதற்கப்புறம் பல் வலித்தாலும்
பக்கத்து ஊருக்குத்தான் போகிறேன்.

அது ஒரு ஞாயிறு.
மற்ற விடியல்களில் நான் ரொட்டிக்காரி.
நாற்பத்து மூன்று வீட்டுக் கதவுப்பிடியில் நாற்பத்து மூன்று பை.
இந்த ஊரைக் கட்டியவனிடம் ரசமட்டம் இருந்ததில்லை;
ஒவ்வொரு வாசலும் ஏற்றம்.
நாற்பத்து மூன்று முறை நிறுத்தம், நாற்பத்து மூன்று முறை
ஏற்றத்தில் புறப்பாடு,
அரைத் தூக்கத்தில் இருக்கிற இடது காலை நம்பி.
கனமான சக்கரம் அந்தக் காலைக் காட்டிக்கொடுத்ததே இல்லை.
நான் தப்பாக விட்டாலும்
தன் சுழற்சியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுத்து
வண்டியை நகர்த்திவிடும்,
கடன் கணக்கு எழுதாமல்.

பழையதையே லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் சீவலாமே?
கேட்டேன்.
யூரிக்கோ தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினான்.
வார்ப்பிரும்பு, மெலிந்தால் ஒருநாள்
ஆறாயிரம் சுற்றில் வெடிக்கும்.
உன்னுடைய இது, அப்போது அங்கேதான் இருக்கும்.

கடை சாத்துகிற நேரம்.
மீன் நிறுக்கணும், எதையாவது எடு என்றாள் அடெலைடு.
சேர்த்து வைத்த நியாயங்கள் எல்லாம் கனத்ததன் பக்கம்.
கை லேசானதை எடுத்தது.
பழையதை அவளே வைத்துக்கொண்டாள்,
உப்பிட்ட மீன் அடுக்கின்மேல் பலகையை அழுத்த.

திங்கட்கிழமை.
சும்மா நிற்கும்போது கியர்பாக்ஸ்
டம்ளருக்குள் ஸ்பூன் போலக் கலகலக்கிறது.
கிளட்சை மிதித்தால் வாயை மூடுகிறது.
ஏழாம் வீட்டில் அணைந்தது.
பதினொன்றில் அணைந்தது.
இருபத்தாறில், சிலுவைக்குன்று மேட்டில், இரண்டு முறை.
அந்த வீட்டுக் கதவு திறந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவை
பையைத் தவிர ஒரு முகம்:
ஏதாவது உடைந்துவிட்டதா?
இல்லை, புதுசு என்றேன்.
அவர் ரொட்டியைக் கையிலேயே வாங்கிக்கொண்டு
பின்னால் கல் வைக்கட்டுமா என்றார்.

ஆக்ஸிலேட்டரை ஒரு விரல் அதிகம் கொடுத்தேன்.
அட, என்ன ஒரு எழும்பல்.
முள் துள்ளி நாலாயிரத்தைத் தொட்டது,
தெருநாய் வழிவிட்டது,
பின்சீட்டில் பதினேழு ரொட்டி ஒன்றாகச் சரிந்தன.

ஆகஸ்டுக்கு இன்னும் பதினான்கு வாரம்.