பதினாறுக்கு முந்தின தாள்

பன்னிரண்டு பேரைத்தான் கூட்டிப் போவார்களாம்.
பெர்னடின் மிஸ் கச்சேரி வாசலில் நின்று
கொழும்போடு கதைக்கிறா:
"ஓம் சேர், ஆறடி ஓரங்குலம்.
கல்லடிப் பிள்ளைதான்."

பிள்ளை நான்.
வெலிக்கந்தைக்கு அப்பால் போனதே
போட்டிகளுக்கு மட்டும்.
ஆனாலும் விதி கேட்கிறது:
பதினாறு வயதுக்கு முதலே
இந்த நாட்டுக் கடவுச்சீட்டு
உன் கையில் இருந்ததா?

சேர், அந்த வயதில்
என் காலில் சப்பாத்தே இருக்கவில்லை.
பிறப்புப் பத்திரத்தைக் கடல் கொண்டுபோனது,
வீட்டோடு.
பத்தொன்பதில்
உத்தேச வயதுப் பத்திரம் ஒன்று தந்தார்கள்.
உத்தேசமாகப் பிறந்தவள்.
ரீபவுண்டுக்கு எழும்புவது மட்டும்
உத்தேசமில்லை.

தாரணிகா ஒஸ்லோவிலிருந்து வந்திருக்கிறாள்.
ஆரையம்பதியில் பிறந்து
மூன்று வயதில் விமானம் ஏறியவள்.
அன்றைய சீட்டை இன்னும் வைத்திருக்கிறாள்:
படத்தில் அழுகிறாள்,
கன்னத்தில் அரசாங்க முத்திரை.
அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு அவளோடு கோபமுமில்லை.
நல்ல இடக்கை.
பார்க்காமலே பந்து தருவாள்,
நான் எங்கே நிற்பேன் என்று தெரிந்து.

ஜன்னலுக்குள்ளிருந்து லிகிதர்:
"மறுகா வாங்க பிள்ளை."
"மறுகா என்றால்?" என்றாள் தாரணிகா.
"பிறகு."
"எவ்வளவு பிறகு?"

பெயர்ப்பட்டியல்
வெள்ளி நாலு மணிக்கு மூடும்.
இன்று வியாழன்.

சாப்பாட்டு நேரம் முடிந்து
கதவு திறந்தபோது
நிலையில் இடிக்காமல் நான் குனிய,
அவள் நேரே நுழைந்து ஓடினாள்,
வரிசையில்
எனக்கு இடம் பிடிக்க.