வாடையில் வடக்கே

நெய்வேலியில் கன்வேயர் பெல்ட்டுக்குக்
கணக்கு எழுதுகிறவள் நான்.
இரவு ஷிப்டில் அது இரைவதைக் கேட்டுக்
கடல் என்று எழுதிக்கொண்டேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தலைப்பு, 'கறுப்புச் சுக்கான்'.
மிதக்கும் தீவு, நீர்ப்பேய், பேசும் நங்கூரம்
எல்லாம் உண்டு.
விமர்சனம் ஒன்றுகூட வரவில்லை.

கடலூர் முதுநகர்க் கிளை நூலகத்தில்
ஒரு பிரதி கிடக்கிறது என்று
யாரோ சொன்னார்கள்.
லீவு போட்டு, வடலூரில் பஸ் மாறிப் போனேன்.

அட்டை கிழிந்து
காலண்டர் அட்டை வைத்துத் தைத்திருந்தது.
தேதிச் சீட்டு நிறைந்து அதன்மேல் இன்னொரு சீட்டு.
அதைத்தான் முதலில் எண்ணினேன், வெட்கமில்லாமல்.
நாற்பத்தொன்று.

ஒன்பதாம் பக்கத்திலேயே பென்சில்:
"வாடக்காத்துல வடக்க எப்படிப் போவும்?"
அடியில் வேறு கை, பச்சை மை:
"மந்திரக் கப்பல்ணே."
அதற்கும் அடியில் பென்சில், தாள் கிழிய அழுத்தி:
"மந்திரம் கப்பலுக்கு. காத்துக்கு இல்ல."

நீர்ப்பேயைக் கொன்று கரைக்கு இழுத்துவரும் இடத்தில்
மூன்று பக்கம் ரத்தம் ஓடவிட்டிருந்தேன்.
யாரோ ஒருத்தி, ஏலக்காரியாகத்தான் இருக்கவேண்டும்,
ஓரத்தில் கூட்டிக் கழித்திருக்கிறாள்.
ஐஸ், இழுவைக் கூலி, கமிஷன் போக
நாயகனுக்கு மிச்சம் எண்ணூற்றுப் பத்து ரூபாய்.
"இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

தளபதியின் தோளில் வாள் இறங்கிய பக்கத்தில்:
"தையல்கூடப் போடாமல் நீந்துகிறார். பொய்.
ரோஸ்லின், ஸ்டாஃப் நர்ஸ், ஆண்கள் வார்டு."
பெயர் போட்டுத் திட்டிய ஒரே ஆள்.
அவர் இளவரசியிடம் விடைபெறும் பக்கத்தில்
அதே நீல மை, சின்னதாக:
"இது மட்டும் நிஜம்."

நங்கூரத்தை ஒருவருக்கும் பிடிக்கவில்லை.
அது வாய் திறக்கும் இடமெல்லாம் குறுக்கே ஒரு கோடு.
எனக்குப் பிடித்ததே அதுதான்.
இருக்கட்டும்.

சிரித்துக்கொண்டேதான் வந்தேன்
நூற்று அறுபத்து நான்குவரை.

அங்கே ஒரு வரி.
'அந்த அலையில் நாற்பது மாலுமிகள் மாண்டனர்.'
அடுத்த வரியில் நாயகன் கண் விழிப்பான்,
கதை நகர்ந்துவிடும்.
நாற்பது என்பது அன்றைக்கு
என் வாய்க்கு வந்த எண்.

பென்சில்காரர் அதன்கீழ்க் கோடு இழுத்துக் கேட்டிருக்கிறார்:
"பேர் இல்லியா இவங்களுக்கு?"

இந்தமுறை பச்சை மை கிண்டல் பண்ணவில்லை.
மலையாண்டி, என்று எழுதியிருந்தது.
கீழே, அவன் தம்பி சிங்காரவேலு.
பிறகு வேறு வேறு பேனாக்கள்.
தாழங்குடா கன்னியம்மா.
சுல்தான் பாய், ஐஸ் பேக்டரி.
சோனாங்குப்பம், இன்னும் பேர் வைக்காத பாப்பா.
ஓரம் போதாமல் தாளைத் திருப்பி
மேலிருந்து கீழாக,
என் வரிகளுக்கு இடையில்கூட.

முப்பத்தேழு.
இரண்டுமுறை எண்ணிப் பார்த்தேன்.
மூன்றுபேருக்கு இடம் இருந்தது.
எழுத வேண்டியவர்கள்
இந்தப் பக்கத்துக்கு இன்னும் வரவில்லையோ என்னவோ.

எதிரே ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.
"வடக்கே போறதுன்னா எந்தக் காத்துங்க?"
"சோழகம்," என்றார் நிமிராமல்.

ஒன்பதாம் பக்கத்துக்குத் திரும்பி
'வாடை'யை அடித்தேன்.
'சோழக' வரைக்கும் எழுதியிருப்பேன்.
"புக்குல எழுதக்கூடாதும்மா," என்றார் நூலகர்,
"எத்தினிதடவ சொல்றது, வர்றவங்க எல்லாரும் இதே வேல."
"சாரி சார்."

மூடிக் கொடுக்கத் திரும்பினால்
பின்னால் ஒரு பையன்,
உறுப்பினர் அட்டையைப் பல்லில் கடித்தபடி
இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

"யக்கா, இதுல நங்கூரம் பேசுமாமே?"