வெள்ளைப் புகை

ஜனவரி. அரூஸ்டுக் பக்கம் ஓடுகிற எல்லா வண்டியும்
வெள்ளையாய் மூச்சு விடுகிற மாதம்.
அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

தேவாலயச் சரிவின் அடியில் நிறுத்தப் பலகை.
மிதித்தேன்.
சேற்றில் கால் வைத்ததுபோல் பெடல் இறங்கித்
தரையைத் தொட்டது.
மறுபடி மிதித்தேன். மறுபடியும்.
நான்காவதில் எதுவோ பிடித்தது.
பனிக்குவியலில் மூக்கை முட்டி வண்டி நின்றபோது
பின்னால் ஏற்றியிருந்த பிர்ச் விறகில் பாதி
சாலையில் உருண்டுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
எவரெட் பெல்கிக்குப் போன் போட்டேன்.
எண்பத்தொன்பதாம் வருட ஷெவியை
எண்ணூறு டாலருக்கு என் தலையில் கட்டியவன்.
"பிரேக்கை மட்டும் குறை சொல்ல முடியாது" என்று
பைபிள்மேல் கை வைக்காத குறையாய்ச் சொன்னவன்.
வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன்.
செத்துப்போன அவன் அம்மாவையும் விடவில்லை.
மறுமுனையில் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது.
கடைசியில் கேட்டான்:
"பிரேக் ஆயில் எவ்வளவு இருக்கு பாத்தியா, ஓடீல்?"

திங்களன்று கழுத்துவரை ஊற்றினேன்.
வியாழனன்று என்ஜின் சுவரை ஒட்டிய அறையில்
இரண்டு விரல் இறங்கியிருந்தது.
முன்னறையில் சொட்டுக் குறையவில்லை.

அட்டைப்பெட்டியை விரித்து அடியில் படுத்தேன்.
வாயில் டார்ச்.
சாலை உப்பு தின்ற குழாய்கள்
வெங்காயத் தோலாய் உரிந்து முகத்தில் விழுந்தன.
கோடிவரை துணியால் துடைத்துப் பார்த்தேன்:
துரு மட்டும்.
முன்சக்கரம் இரண்டும் காய்ந்திருந்தன.
பின் டிரம்மைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற
ஒரு முழு மதியமும், ஒரு நகமும் போயிற்று.
உள்ளே கருப்புத் தூள். ஈரமில்லை.
இரவு முழுக்க அடியில் காகிதம் விரித்து வைத்தேன்.
விடிந்து பார்த்தால் அதில் பூனையின் கால்தடம்.

போனது எங்கே போனது?

சனிக்கிழமை எவரெட் வந்தான், யாரும் கூப்பிடாமல்.
தன் வண்டியை அணைக்காமல் இறங்கினான்.
நான் என்னுடையதைக் கிளப்பினேன்.
இரண்டும் வால் திருப்பி நின்றன.
அவனுடைய புகை இரண்டடி போய்க் கரைந்தது.
என்னுடையது கொட்டகைக் கூரை ஏறியும்
கலையாமல் தொங்கியது,
இனிப்பாய், கருகலாய் ஒரு வாசனையோடு.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.
அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

இரண்டு நட்டு.
மாஸ்டர் சிலிண்டரை முன்னால் இழுத்ததும்
பூஸ்டரின் வாயிலிருந்து கொட்டியது
ஆறிப்போன தேநீர் நிறத்தில், கால் லிட்டராவது இருக்கும்.
வெளியே ஒரு துளி காட்டாமல்
உள்பக்கமாகவே ஒழுகியிருக்கிறது.
என்ஜின் அதை உறிஞ்சிக் குடித்து
ஊரறியப் புகையாய் விட்டிருக்கிறது.
ஊரே புகை விடும்போது யார் பார்ப்பார்கள்?

சிலிண்டரின் விலாவில் பச்சை ஸ்டிக்கர்.
'பழையதைப் புதுப்பித்தது. 90 நாள் உத்தரவாதம்.'
அக்டோபரில் நான் வாங்கியது,
புதியதற்குத் தொண்ணூற்றாறு என்றதால் நாற்பத்தொன்றுக்கு.
அந்த இரண்டு நட்டையும் முறுக்கிய கை
இதோ, நகம் போன இந்தக் கைதான்.

எவரெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான்.
பிறகு ஸ்டிக்கர் கீழே போகும்படி
அதைப் பெஞ்சில் திருப்பி வைத்தான்.
"பசை டேப் இருக்கா," என்றான், "உன் விரலுக்கு."

புதியதை மாட்டி, காற்றெடுக்க
அவன் உள்ளே ஏறி உட்கார்ந்தான்.
நான் பின்சக்கரத்தடியில்,
தெளிந்த குழாயின் நுனி ஊறுகாய் ஜாடிக்குள்.

"அழுத்து."
"அழுத்திட்டேன்."
"பிடி."
"பிடிச்சிருக்கேன்."
திருகைத் திறந்தேன். குமிழி, குமிழியாய்.
மூடினேன். "விடு."

ஏழாவது தடவையோ எட்டாவதோ,
அவன் பிடித்திருக்கும்போது
சக்கரத்தைப் பார்த்துச் சொன்னேன்:
"அன்னிக்குப் போன்ல பேசினது தப்பு."

"என்ன? கேக்கல. விடவா?"

"இல்ல," என்றேன்.
"இன்னும் கொஞ்சம் பிடி."