நாற்பத்தாறு ரூபாய்

கட்டுப்படி ஆகுதாண்ணே என்று
கேட்காமல் இறங்குகிறவர் குறைவு.
ஸ்டான்லி வாசலில் ஏறியவரும் கேட்டார்,
மடியில் எக்ஸ்ரே கவர்.
ஏதோ ஓடுது சார் என்றேன்.
ஓடுவது வண்டி.
வண்டி நாசர் பாயுடையது.

நாள் வாடகை ஆயிரத்து நூறு.
கேஸ் போக, கம்பெனி பிடித்தது போக,
மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரி உரசிய
இடது கதவுக்கென்று
பாய் வாராவாரம் பிடிப்பது போக
நேற்று நின்றது முந்நூற்றுப் பத்து.
இரண்டு டீயை
இன்னும் கழிக்கவில்லை.

கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால்
சரக்கு ரயிலில் பெட்டி எண்ணுவேன்.
நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று.
அந்தப் பக்கம் காத்திருந்தவர்
ரத்து செய்துவிட்டார்.
மீன்பாடி வண்டி நிற்கிறது,
ஆம்புலன்ஸ்கூட நிற்கிறது,
வாடகைக்கு மட்டும் கேட் கிடையாது.

ஞாயிறு சாயங்காலம் ஆப்பை அணைத்துவிட்டு
ஜெயசீலியை எண்ணூர் முகத்துவாரத்துக்குக்
கூட்டிப்போனேன்.
பழக்கதோஷத்தில் பின்கதவைத் திறந்தேன்,
அவளும் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.
தண்ணீர்மேல் எண்ணெய்த் தோல்.
எதிரே புகைபோக்கிகள்.
சும்மா நின்றாலும் மணிக்கு
நாற்பத்தாறு ரூபாய் தெரியுமா என்றேன்.
போனில் வகுத்துப் பார்த்தாள்.
சரியாகத்தான் வந்தது.
அப்போ ஏசியைப் போடு என்றாள்.

கேஸ் தீரும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
போட்டேன்.

ஐம்பது நிமிஷத்தில் போதும் எடு என்றாள்.
இறங்கி, சுற்றி வந்து,
முன்கதவைத் திறந்தாள்.
மிச்சப் பத்து நிமிஷமும்
எர்ணாவூர் மேம்பாலம் வரைக்கும்
என் பக்கத்து சீட்டில் இருந்தாள்.