பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே

அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்று
நயினாருக்கு லீவு கிடைத்தது.
சனி, ஞாயிறு. கிறிஸ்துமஸ் கழிந்து மூன்றாம் நாள்.
டிப்போவில் பாதிப் பேர் மாலை போட்டிருக்க
எப்படிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் திரும்பப் போய்விடும்.

பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில்
நாலு ஊர் எழுதினேன்:
தென்காசி. அம்பை. தூத்துக்குடி. நாசரேத்.
வடிவு எட்டிப் பார்த்து ஊட்டி என்று சேர்த்தாள்.
அடித்துவிட்டேன்.
கோடு கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்துவிட்டது.

“தென்காசியா? பதினோரு வருசமா ஓட்டுதேன்.”
சரி, கோயில் எப்படி இருக்கும்?
“கோபுரம் தெரியும். கண்ணாடில.”
வலதுபக்கக் கண்ணாடியில், உள்ளங்கை அகலத்தில்,
பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும் கோபுரம்.

அம்பையில் டீ நன்றாக இருக்கும்.
தூத்துக்குடியில் கட்டணக் கழிப்பறைக்காரன்
சில்லறை தர மாட்டான்.
நாசரேத்தில் ஒரு வேப்பமரம் உண்டு,
மதியம் வண்டியை அதன் அடியில் போடலாம்.
அவருக்கு எல்லாம் பத்து நிமிஷ ஊர்கள்,
விசில் சத்தத்தில் முடிந்துபோகிறவை.

சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.
நான் மட்டும் எதைக் கண்டேன்?
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு போடுகிறவள்.
பேர்? வயசு? ஊர்?
கடையம் என்பார்கள், ஆழ்வார்குறிச்சி என்பார்கள்,
சாயர்புரம் என்று சொல்லி இருமுவார்கள்.
எழுதி எழுதி எல்லா ஊருக்கும்
ஸ்பெல்லிங் மட்டும் தெரியும்.
அந்த ஊர்களில் காய்ச்சல் இல்லாத ஆட்களை
ஒருதடவையாவது பார்க்க வேண்டும்.

குற்றாலம் பேச்சு வந்தது, போனது.
அருவியில் தண்ணீர் கூடினால் சங்கிலி கட்டிவிடுவார்கள்,
கூடாவிட்டால் சாமிமார் கூட்டம்.
லாட்ஜில் போன் போட்டுக் கேட்டேன்.
அவன் சொன்ன வாடகைக்கு
கதவுக்குள்ளேயே அருவி விழ வேண்டும்.

அப்போதுதான் ஜெபக்கனி சொன்னது ஞாபகம் வந்தது.
எங்கள் மருந்துக் கவுண்டர் ஜெபக்கனி, நாசரேத்துக்காரி.
“மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு, வாங்க மயினி.
ஸ்டார எல்லாம் ஜனவரி வரைக்கும் எறக்க மாட்டோம்.
கேக்கு தீந்துரும், முறுக்கு இருக்கும்.”

சனி ராத்திரி நாசரேத், வீடு வீடாக நட்சத்திரம் பார்த்து
ஒரு தெரு விடாமல் நடப்பது.
ஞாயிறு தூத்துக்குடி, கடற்கரை, கால்கிலோ மக்ரூன்.
கால்கிலோ போதுமா என்பதில்
வடிவுக்கும் தம்பிக்கும் சண்டை,
அதில் அரைமணி நேரம் போயிற்று.

“எந்த பஸ்ஸுல?” என்றேன்.
அவர் தன் வலது காலைப் பார்த்தார்.
யார் வண்டியில் ஏற்றினாலும்
வெறும் தரையில் பிரேக் தேடுகிற கால் அது.
தங்கச்சி கல்யாணத்துக்கு வேனில் போனபோது
முன்சீட்டுப் பாயைக் கிழித்த கால்.

“ரயில்ல போவோம்” என்றார்.
“திருச்செந்தூர் பாசஞ்சர்ல. ஜன்னலோரம் எனக்கு.
டிரைவர் எங்க இருக்கான்னே தெரியக் கூடாது.”
பிள்ளைகள் ஜன்னலுக்கு அடித்துக்கொள்வார்கள் என்றேன்.
“போகும்போது எனக்கு” என்றார், பிடிவாதமாக,
ஏழு வயசுக்காரன் மாதிரி.

பிறகு தாளை வாங்கி
தன் பழக்கத்துக்குக் கட்டம் போட்டார்.
புறப்படும் இடம். சேரும் இடம். நேரம்.
எல்லாம் மணி மணியாக நிரப்பினார்.
கடைசிக் கட்டத்தை நான் கையால் மறைத்துக்கொண்டேன்.
திரும்பும் நேரம்.
“திங்கக்கெழம நாலு நாப்பதுக்கு மொதல் வண்டி எனக்கு,
மறந்துட்டியா?”
மறக்கவில்லை.
“பென்சில்ல எழுதுங்க” என்றேன்.

வடிவின் டப்பாவைத் துழாவினார்.
பென்சில் முனை ஒடிந்திருந்தது.