மாதம் பதினைந்து

டுலூத்தில் ஜனவரி என்றால்
வேனின் கதவுகூடத் திறக்க யோசிக்கும்.
மலைச்சரிவில் ஏழாவது தெரு.
சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு இறங்கினேன்.
கீழே ஏரி ஆவி விட்டுக்கொண்டிருந்தது,
யாரோ மூட மறந்த அண்டா மாதிரி.

மார்லிஸ் ஹாப்பலா.
பணிச்சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:
'சமையலறையில் சிக்னல் இல்லை.
வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார்.'
கோபமெல்லாம் இல்லை.
ஆஸ்பத்திரி பில்களுக்குக் குறியீடு போடும் வேலையைப்
பாதியில் விட்டுவிட்டு, கம்பளிக் காலுறையோடு வந்து
காபி வேண்டுமா என்றார்.

பெட்டி நிலவறையில்,
உலைக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவில்.
எழுபதுகளில் டிவிக்காக யாரோ போட்ட துளை;
கேபிள் இன்னும் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது.
மோடமும் ரவுட்டரும் ஒரே உடம்பு.
கேபிள் எங்கேயோ அங்கே மோடம்,
மோடம் எங்கேயோ அங்கே வைஃபை.
செங்கல் புகைபோக்கியைத் தாண்டி
சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள்
கழுதை தேய்ந்து கட்டெறும்பு.

"உங்கள் வீட்டில் நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?"

இந்தக் கேள்விக்குக் கம்பெனி கொடுத்த பதில் ஒன்று உண்டு.
பயிற்சி வகுப்பில் மூன்று முறை சொல்ல வைத்தார்கள்.
வாயைத் திறந்தேன்.
அந்த நேரம் பார்த்து உலை குப்பென்று பற்றிக்கொண்டது.

"தனித்தனி," என்றேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை.
பணிச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
மாதம் பதினைந்து டாலர், வருடம் நூற்றெண்பது,
ஆறு வருடமாகக் கட்டுகிறீர்கள்,
ஆயிரத்து எண்பது,
இன்னமும் பெட்டி உங்களுடையது இல்லை.
மோடம் கீழேயே கிடக்கட்டும், அதற்கு ஜன்னல் வேண்டாம்.
ரவுட்டரை மேலே புத்தக அலமாரியில் வையுங்கள்.
நடுவில் ஒரு ஒயர். துளையை நானே போட்டுத் தருகிறேன்.
ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம்.
நடுராத்திரியில் யாரும் கேட்காமல் உள்ளே வந்து
எதையாவது மாற்றிவிட்டுப் போகமாட்டார்கள்.

வேலை போகும் அளவுக்குப் பேசிவிட்டேன்.

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது?"

அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.
லைன்காரன் ரவுட்டர்மேல் பழி போடுவான்,
ரவுட்டர்காரன் லைன்மேல்.
நடுவில் நீங்கள்,
காத்திருப்புப் பாட்டு ஓடும் போனோடு.

மார்லிஸ் சிரித்தார்.
"பத்தொன்பது வருஷம் ஒருவரோடு வாழ்ந்தேன்.
எல்லாவற்றையும் தானே பழுதுபார்ப்பார்.
வீட்டில் ஒழுகாத குழாய் கிடையாது.
வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றால்
அவர்மேல் எனக்கு நம்பிக்கை இல்லையாம்.
இப்போது பதினைந்து டாலருக்கு,
நான் கத்தினால் வந்து நிற்க ஓர் ஆள்,
இந்தக் குளிரில், ஷூவைக் கழற்றிவிட்டு.
மலிவு."

பிறகு:
"இதே பெட்டியை மேலே கொண்டுபோக முடியுமா,
அதை மட்டும் சொல்லுங்கள்."

முடியும்.
ஆறு வருடத்தில் யாரும் கேட்கவில்லை,
யாரும் சொல்லவும் இல்லை.
தரையில் விரல் பருமனுக்கு ஒரு துளை,
நாற்பது அடி கேபிள்,
ரொட்டி டப்பாவின் பக்கத்தில் பெட்டி.
பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன.
மரத்தூளை அவரே கூட்டினார்.
கணக்குப் போட்ட சீட்டைத் திருப்பித் தந்தார்,
கம்பெனிக்குப் போகவேண்டியது அல்லவா என்று.
சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

இரவு எட்டு மணி, என் வீடு.
ரவுட்டரில் ஆரஞ்சு விளக்கு.
யாருக்கும் போன் செய்யவில்லை.
செய்தால் யாரை அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாதா?
முதலில் மோடம், அப்புறம் ரவுட்டர்.
இரண்டையும் பிடுங்கிவிட்டு
இருட்டில் உட்கார்ந்து முப்பது வரை எண்ணத் தொடங்கினேன்.
பத்தொன்பதில் எங்கேயோ ஒரு குழாய் சொட்டியது.
எண்ணிக்கை விட்டுப்போனது.
மறுபடி ஒன்றிலிருந்து.